மூடிய கோப்பும் திறந்த சபையும்

இந்த ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு மலர்க்குழு நண்பர் தொலைபேசியில் அழைத்தபோது, "சார், தாராவித் தோல் தொழில், மாட்டுங்காக் கோயில்கள் ரெண்டும் வேண்டாம். அதெல்லாம் மூணு மலர்ல வந்தாச்சு" என்று அன்போடு எச்சரித்தார். என்ன எழுதலாம் என்று யோசித்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மனத்தில் கிடக்கும் ஒரு பழைய நோட்டுப் புத்தகம் நினைவுக்கு வந்தது. அதைத் தொட்டு, உளவுத்துறைக்கும் நாம் ஓட்டுப் போட்டு அனுப்பும் சபைகளுக்கும் இடையே உள்ள உறவின் வரலாற்றை, நம் பம்பாய்க் கண்ணாடி வழியே பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு வருகைப் பதிவேடு

1991ஆம் ஆண்டு. தாராவியில் நாங்கள் சிலர் ஒரு சிறிய படிப்பகம் நடத்திவந்தோம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. இரண்டு பெஞ்சு, நான்கு தமிழ்ப் பத்திரிகை, ஒரு வருகைப் பதிவேடு. திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர்தான் அதற்கு எல்லாம். வேலை முடிந்து வரும் பையன்கள் பேப்பர் படித்துவிட்டுப் பெயர், ஊர், தங்கியிருக்கும் சால் எண் எழுதிவிட்டுப் போவார்கள்.

அந்த மே மாதம் 21ஆம் தேதி ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். சில வாரங்கள் கழித்து, சாதாரண உடையில் இரண்டு பேர் படிப்பகத்துக்கு வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். எந்த அலுவலகம் என்று சொல்லவில்லை. வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார்கள். "ரெண்டு நாள்ல திருப்பித் தர்றோம்" என்று எடுத்துப் போனார்கள். ரசீது இல்லை.

ஏடு திரும்பி வரவேயில்லை. அண்ணாச்சி விடவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு ஒரு மக்கள் பிரதிநிதியின் வீட்டு வாசலில் போய் நின்றார். அவர் தேநீர் கொடுத்து உட்காரவைத்து, பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "அண்ணே, போலீஸ் ஸ்டேஷன்னா நான் போன் போடலாம். இது எந்த டிபார்ட்மெண்டுன்னே தெரியலையே. சபையில கேட்டாலும் பதில் வராது" என்றார். திரும்பி வரும்போது அண்ணாச்சி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "ஏல, நாம ஓட்டுப் போட்ட ஆளுக்கே கேக்க முடியலேன்னா, அப்ப யாருதான் கேக்க?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் பிற்பாடு நான் புத்தகங்களையும் கமிஷன் அறிக்கைகளையும் புரட்டத் தொடங்கினேன்.

வெள்ளையர் போட்ட அடித்தளம்

இந்திய உளவுத்துறையின் பிறந்த ஆண்டு 1887 என்பர். அப்போது சட்டசபை என்று சொல்லத்தக்க எதுவும் இங்கே இல்லை. ஆகவே அது யாருக்கும் பதில் சொல்ல வேண்டிய அமைப்பாக உருவாகவில்லை. வைஸ்ராயின் அரசுக்குக் காதும் கண்ணுமாக மட்டுமே உருவாயிற்று. இது குறிப்பிடத்தக்க செய்தி. பிற்காலத்தில் சபைகள் வந்தன. துறையின் சுபாவம் பழையதாகவே இருந்தது.

சபையும் உளவும் முதன்முதலில் பெரிய அளவில் மோதிக்கொண்டது 1919இல், ரௌலட் சட்டத்தின்போது. அச்சட்டத்துக்கு அடிப்படையான ரௌலட் குழு 1918இல் மூடிய அறையில் கூடியது. போலீசும் உளவுத்துறையும் தந்த சான்றுகளை அந்தக் குழு பார்த்தது. சட்டத்துக்கு ஓட்டுப் போட வேண்டிய உறுப்பினர்களுக்கு முடிவுரைதான் கிடைத்தது. இதில் நம்மவர்க்கு ஒரு தனிச் சுவை உண்டு. குழுவில் உட்கார்ந்து கையெழுத்திட்டவர்களில் ஒருவர் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி சி.வி. குமாரசாமி சாஸ்திரி. சபையில் எழுந்து நின்று அம்மசோதாவைக் கடுமையாக எதிர்த்துப் பேசியவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி. ஒரு சாஸ்திரி கோப்பைப் பார்த்தவர். மற்ற சாஸ்திரி பார்க்காதவர். சட்டம் நிறைவேறியது. பம்பாயின் பிரதிநிதியாக இருந்த ஜின்னா தம் பதவியையே துறந்தார்.

அடுத்த மோதல் 1928–29இல் பொதுப் பாதுகாப்பு மசோதாவில். அப்போது மத்திய சட்டசபையின் தலைவர் விட்டல்பாய் படேல், இந்தப் பம்பாயில் வக்கீல் தொழில் நடத்தியவர். அரசாங்கம் இடைமறித்த எம்.என். ராயின் கடிதம் ஒன்றைச் சபையில் வாசித்தது. அதனாலேயே அதற்கு 'அசெம்பிளி கடிதம்' என்று பெயர் வந்தது. கவனியுங்கள்: சபை கேட்டால் 'இரகசியம்' என்பார்கள், சட்டம் வேண்டுமென்றால் அதே இரகசியத்தை அவர்களே எடுத்து வாசிப்பார்கள். 1928இல் ஓட்டுகள் சமமாக விழ, விட்டல்பாய் தம் ஓட்டை எதிராகப் போட்டு மசோதாவைத் தோற்கடித்தார். மறுபடி கொண்டுவந்தபோது, மீரட் சதி வழக்கு நீதிமன்றத்தில் இருப்பதால் அதே ஆதாரங்களை இங்கே விவாதிக்க இயலாது என்று 1929 ஏப்ரலில் தீர்ப்புச் சொன்னார். பகத்சிங்கும் தத்தும் குண்டு வீசிய அதே ஏப்ரல்தான். சபையில் தோற்ற அரசாங்கம் என்ன செய்தது? சில நாட்களில் வைஸ்ராய் இர்வின் அவசரச் சட்டமாகவே அதைப் பிறப்பித்துவிட்டார்.

மாட்டுங்காப் பேராசிரியர்

இனி நம் வீட்டு வாசலுக்கே வருவோம். மாட்டுங்கா ரூயா கல்லூரி வாசலில் நம்மில் எத்தனை பேர் பிள்ளைகளுக்கு விண்ணப்பப் படிவம் வாங்க வரிசையில் நின்றிருப்போம்! நானே அங்கே படித்தவன். அதே கல்லூரியில் 1948இல் ஆசிரியராக இருந்தவர் டாக்டர் ஜெகதீஷ் சந்திர ஜெயின். பஞ்சாபிலிருந்து அகதியாக வந்த மதன்லால் பாஹ்வா என்ற இளைஞனுக்கு இரக்கப்பட்டு, தம் புத்தகங்களைக் கமிஷனுக்கு விற்கக் கொடுத்து ஆதரித்தார். 1948 ஜனவரியில் அந்த இளைஞன், காந்தியடிகளைக் கொல்லத் திட்டம் இருப்பதாக அவரிடம் சொன்னான். அகமத்நகரைச் சேர்ந்த கர்க்கரே என்பவனின் பெயரையும் சொன்னான். பேராசிரியர் முதலில் வாய்ச்சவடால் என்று நினைத்தார்.

ஜனவரி 20ஆம் தேதி டில்லி பிர்லா மாளிகையில் குண்டு வெடித்து மதன்லால் பிடிபட்டான். மறுநாள் செய்தியைப் பார்த்துப் பதறிய ஜெயின், பம்பாய்ப் பிரதமர் பி.ஜி. கேரிடமும் உள்துறை அமைச்சர் மொரார்ஜி தேசாயிடமும் போய்ச் சொன்னார். மொரார்ஜி அன்றிரவே, அகமதாபாத் வண்டி ஏறப் போனபோது பம்பாய் சென்ட்ரல் நிலையத்தில், நகரப் போலீஸ் உளவுப் பிரிவின் துணை ஆணையர் நாகர்வாலாவுக்கு விஷயத்தைத் தெரிவித்தார். ஆனால் சொன்னவர் யார் என்ற பெயரைச் சொல்லவில்லை. தகவல் தந்தவரைக் காப்பாற்ற வேண்டும் என்ற நியாயம்தான். விளைவு? நாகர்வாலாவால் பேராசிரியரை நேரில் விசாரித்து மேற்கொண்டு எதுவும் அறிய முடியவில்லை.

டில்லியில் அப்போது உளவுத்துறையின் தலைவர் நம் தமிழர்: டி.ஜி. சஞ்சீவி பிள்ளை. சென்னை மாகாணப் போலீசிலிருந்து போய், சுதந்திர இந்தியாவின் முதல் உளவுத்துறை இயக்குநர் ஆனவர். டில்லிப் போலீசின் தலைமைப் பொறுப்பும் அவரிடமே இருந்தது. மதன்லால் தன் வாக்குமூலத்தில் பூனாவிலிருந்து வரும் ஒரு பத்திரிகையின் ஆசிரியரைப் பற்றிச் சொல்லியிருந்தான். அந்த ஆசிரியர்தான் நாதுராம் கோட்சே. பத்திரிகைகள், ஆசிரியர்கள் பட்டியல் பம்பாய் அரசின் உள்துறையிலேயே இருந்தது. வாக்குமூலத்தின் நகலோ, பூனாப் போலீஸ் அதிகாரி ராணாவின் கையில், 25ஆம் தேதி டில்லியில் ரயிலேறி, அலகாபாத் வழியாகச் சுற்றி, 27ஆம் தேதிதான் பம்பாய் வந்து சேர்ந்தது. 30ஆம் தேதி மாலை எல்லாம் முடிந்துவிட்டது.

ஓர் அலுவலகத்தில் ஒரு துண்டு, இன்னோர் அலுவலகத்தில் ஒரு துண்டு. எல்லாவற்றையும் மேசைமேல் வைத்து 'ஏன் சேர்க்கவில்லை?' என்று கேட்க ஒருவர் வேண்டும். அந்த இடம் காலியாக இருந்தது.

பதினேழு ஆண்டு கழித்து எழுந்த கேள்வி

செங்கோட்டை வழக்கில் பேராசிரியர் ஜெயினும் மொரார்ஜியும் சாட்சி சொன்னார்கள். குற்றவாளிகளுக்குத் தண்டனை கிடைத்தது. ஆனால் அரசு இயந்திரத்தின் தவறு பற்றிய விசாரணை நடக்கவில்லை. 1964 நவம்பரில், தண்டனை முடிந்து வெளிவந்த கோபால் கோட்சே முதலியோருக்குப் பூனாவில் ஒரு பாராட்டுக் கூட்டம். அதில் திலகரின் பேரர் ஜி.வி. கேத்கர், கொலைத் திட்டம் தமக்கு முன்பே தெரியும் என்றும், எச்சரிக்கை பம்பாய் அரசுக்குச் சொல்லி அனுப்பப்பட்டது என்றும் பேசினார். பத்திரிகைகளில் செய்தி வந்ததும் மகாராஷ்டிரச் சட்டமன்றமும் நாடாளுமன்றமும் கொந்தளித்தன. கட்சி வேறுபாடின்றி உறுப்பினர்கள் விடாமல் கேட்டார்கள். 1965இல் விசாரணைக் கமிஷன் அமைந்தது. கோபால் ஸ்வரூப் பாடக் அமைச்சராகிப் போனதால், 1966இல் நீதிபதி ஜீவன்லால் கபூர் பொறுப்பேற்றார். 101 சாட்சிகள், 1969இல் அறிக்கை.

நான் மேலே எழுதிய ரயில் பயணமும், சொல்லாமல் விட்ட பெயரும் நமக்கு இன்று விவரமாகத் தெரிவது அந்த அறிக்கையால்தான். சஞ்சீவியின் செயல்பாட்டையும் கமிஷன் குறை கூறியது. தமிழர் என்பதற்காக நாம் அதை மறைக்க வேண்டியதில்லை. இந்திய வரலாற்றில் உளவுத்துறையின் உள்ளறை இவ்வளவு விளக்கமாகத் திறக்கப்பட்டது அபூர்வம். திறந்தது அரசாங்கம் தானாக அல்ல; சபை. அதற்கும் பதினேழு வருஷம் ஆயிற்று.

அரசியல் சாசனத்தில் ஒரு வரி

சுதந்திரத்துக்குப் பின் உளவுத்துறைக்குச் சட்ட அடிப்படை என்ன? அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணை, மத்தியப் பட்டியல், எட்டாவது இனம்: மத்தியப் புலனாய்வு மற்றும் விசாரணைப் பணியகம். அவ்வளவுதான். 1949 ஆகஸ்டில் அரசியல் நிர்ணய சபையில் இந்த வரி விவாதத்துக்கு வந்தபோது, 'விசாரணை' என்ற சொல் மாகாணப் போலீசின் வேலையைப் பறித்துவிடுமோ என்று உறுப்பினர்கள் கேட்டார்கள். தாதர் இந்து காலனி ராஜகிருகத்தில் வாழ்ந்த அண்ணல் அம்பேத்கர்தான் பதில் சொன்னார்: தகவல் அறிவதற்கான பொதுவான விசாரணைதான் இது, குற்றவியல் சட்டப்படியான போலீஸ் புலன்விசாரணை அன்று. அதாவது, கைது செய்யும் அதிகாரம் இல்லாத, தகவல் மட்டும் திரட்டும் அமைப்பு.

ஆனால் அந்த வரி என்ன செய்கிறது? நாடாளுமன்றம் இது பற்றிச் சட்டம் இயற்றலாம் என்று அனுமதி தருகிறது. அந்தச் சட்டம் இன்றுவரை இயற்றப்படவில்லை. 1968இல் ஆர்.என். காவ் தலைமையில் வெளிநாட்டு உளவுக்கென 'ரா' தனியாகப் பிரிந்தபோதும் அது நிர்வாக ஆணையால்தான் நடந்தது. வேடிக்கை என்னவென்றால், உளவு அமைப்புகளைப் பெயர் சொல்லி நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றத்தான் செய்தது, 1985இல். அது அந்த அமைப்புகளின் ஊழியர்கள் தொழிற்சங்கம் வைக்கக் கூடாது என்ற சட்டம்! வேலைக்காரனைக் கட்டச் சட்டம் உண்டு. வேலைக்கு எல்லை கட்டச் சட்டம் இல்லை.

மொரார்ஜியின் மூன்று வேடங்கள்

1948இல் உளவுச் செய்தியைக் கையில் வைத்திருந்த அமைச்சரான மொரார்ஜி தேசாய், 1975இல் நெருக்கடி நிலையின்போது அதே அரசு இயந்திரத்தால் சிறை வைக்கப்பட்டார். நாடாளுமன்ற உறுப்பினர்களே கண்காணிக்கப்பட்டுச் சிறையில் அடைக்கப்பட்ட காலம் அது. 1977இல் அவர் பிரதமரானார். ஷா கமிஷன் வந்தது, உளவுத்துறையும் சி.பி.ஐ.யும் தவறாகப் பயன்பட்டது குறித்து ஆராய எல்.பி. சிங் குழு வந்தது. 'ரா' மீது நம்பிக்கையற்ற மொரார்ஜி அதன் ஆள்பலத்தையும் நிதியையும் வெட்டினார். காவ் விலகினார். ஆனால் நிலையான நாடாளுமன்றக் குழு ஒன்றை அமைக்கும் வாய்ப்பு அந்த ஆட்சியிலும் கைநழுவியது. ஒரு பிரதமர் கோபத்தில் வெட்டுவார், அடுத்த பிரதமர் தேவைக்காக வளர்ப்பார். சட்டம் மூலம் கட்டுப்படுத்துவது வேறு. ஆள் மூலம் கட்டுப்படுத்துவது வேறு.

மூன்றாவது வேடம் துயரமானது. 1983இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் சீமோர் ஹெர்ஷ் ஒரு நூலில், மொரார்ஜி சி.ஐ.ஏ.வுக்குத் தகவல் தந்தவர் என்று எழுதினார். மொரார்ஜி கொதித்து எழுந்து மறுத்தார். அமெரிக்காவில் அவதூறு வழக்குப் போட்டார். 1989இல் சிகாகோவில் விசாரணை. ஹெர்ஷ் தம் மூலங்களின் பெயர்களைச் சொல்லவில்லை. ஜூரி மொரார்ஜிக்கு எதிராக முடிவு சொன்னது. தொண்ணூறு வயது தாண்டிய அவரால் அங்கே போகவும் முடியவில்லை. பெயரைச் சொல்லாமல் ஒரு காலத்தில் ஒருவரைக் காத்தவர், பெயர் சொல்லப்படாதவர்களின் வார்த்தையால் பிற்காலத்தில் தம் பெயரை மீட்க முடியாமல் நின்றார். இரகசியம் யாருக்கும் நிரந்தர நண்பன் அல்ல.

நம்மைத் தொட்ட கதை

தமிழர்களாகிய நமக்கு இந்த விஷயம் மிக அருகில் வந்தது இலங்கைப் பிரச்சினையில். 1983க்குப் பின் இலங்கைத் தமிழ் இளைஞர் குழுக்களுக்கு இந்தியாவில் பயிற்சி தரப்பட்டது. 1984இலேயே இந்தியப் பத்திரிகை ஒன்றில் முகாம்கள் பற்றிய செய்தி வந்தது. அரசாங்கம் அப்படி எதுவும் இல்லை என்றே சொல்லிவந்தது. கொள்கை சரியா தவறா என்பது வேறு விவாதம். 1987இல் அமைதிப்படை போய், ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் மாண்ட ஒரு விவகாரத்தின் தொடக்கம், நாட்டின் சபையில் மனம் திறந்து விவாதிக்கப்படவில்லை என்பதே இங்கே நம் கவலை.

1991 ஜனவரி 30இல் தி.மு.க. அரசு கலைக்கப்பட்டது. ஆளுநர் பர்னாலா அறிக்கை தர மறுத்தும், 356ஆம் பிரிவில் உள்ள 'வேறுவகையில்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு சந்திரசேகர் அரசு கலைத்தது. விடுதலைப் புலிகளின் நடமாட்டம் பற்றிய தகவல்களே காரணமாகச் சொல்லப்பட்டன. ஒரு சட்டமன்றத்தையே வீட்டுக்கு அனுப்பும் அளவுக்கு அந்தத் தகவல்களுக்குக் கனம் இருந்தது. அவற்றைச் சோதித்துப் பார்க்கும் உரிமை அந்தச் சட்டமன்றத்துக்கு இல்லை.

பின்பு ராஜீவ் கொலையின் பின்னணியை ஆராய்ந்த ஜெயின் கமிஷன் 1997 ஆகஸ்டில் இடைக்கால அறிக்கை கொடுத்தது. (மாட்டுங்காப் பேராசிரியரும் ஜெயின், இந்த நீதிபதியும் ஜெயின், உறவு ஏதும் கற்பித்துவிட வேண்டாம்.) அரசாங்கம் அறிக்கையைக் கையில் வைத்திருந்தபோதே நவம்பரில் ஒரு வார இதழில் அதன் பகுதிகள் கசிந்தன. நாடாளுமன்றம் முடங்கியது. நவம்பர் 20இல் அறிக்கை சபையில் வைக்கப்பட்டது. தி.மு.க. அமைச்சர்களை நீக்க வேண்டும் என்றது காங்கிரஸ், தி.மு.க. குற்றச்சாட்டை அடியோடு மறுத்தது, குஜ்ரால் இணங்கவில்லை. எட்டாம் நாள் ஆதரவு விலக, அரசு கவிழ்ந்தது.

உளவுத்துறைக் குறிப்புகளும் செய்திப் பரிமாற்றங்களும் நிறைந்த அறிக்கை அது. பயிற்சி முகாம்களைப் பற்றியும் அதில் இருந்தது. வருஷக்கணக்கில் உறுப்பினர்களுக்குச் சொல்லப்படாதது எல்லாம் ஒரே வாரத்தில், கசிவின் வழியாக, கட்சிச் சண்டைக்கு ஆயுதமாக வந்து விழுந்தது. ஒழுங்கான வாசல் இல்லாத வீட்டில் ஜன்னல் வழியாகத்தான் சாமான் போகும் வரும். அதை நிதானமாகப் படித்து, எது சான்று, எது சந்தேகம், எது வெறும் ஊகம் என்று பிரிக்க சபையில் யாருக்கும் அவகாசமும் இல்லை, அமைப்பும் இல்லை.

வி.டி. நிலையமும் நாகபுரிச் சபையும்

2008 நவம்பர் 26 இரவை மும்பைத் தமிழர் யாரும் மறக்க மாட்டார்கள். நாம் ஊருக்கு வண்டியேறப் பெட்டிமேல் தலைவைத்துப் படுத்துக் கிடந்த அதே வி.டி. நிலையக் கூடத்தில் துப்பாக்கிச் சூடு. அந்தத் தாக்குதல்களில் மொத்தம் 166 பேர் மாண்டனர்.

மகாராஷ்டிர அரசு முன்னாள் உள்துறைச் செயலர் ராம் பிரதான், 'ரா'வில் பணியாற்றி ஓய்வு பெற்ற வி. பாலச்சந்திரன் ஆகிய இருவர் குழுவை அமைத்தது. 2009இல் அறிக்கை தயாராயிற்று. எச்சரிக்கைகள் பல வந்திருந்தும் அவற்றை ஒன்றுசேர்த்துப் பார்த்து முடிவெடுக்கும் ஏற்பாடு மாநிலத்தில் இல்லை என்பது அதன் முக்கியக் கண்டுபிடிப்பு. 1948இன் கதையேதான்! ஆனால் ஜூனில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது நடவடிக்கை அறிக்கை மட்டுமே. முழு அறிக்கையை வெளியிடுவது பாதுகாப்புக்கு நல்லதல்ல என்றது அரசு. பிறகு என்ன? வழக்கம்போலக் கசிவு, கூச்சல். டிசம்பரில் நாகபுரி குளிர்காலக் கூட்டத்தொடரில் அறிக்கை சபைக்கு வந்தது.

இதற்கு எதிர்மாறான ஓர் உதாரணமும் சொல்ல வேண்டும். 1999 கார்கில் போருக்குப் பின் அமைந்த ஆய்வுக் குழுவின் தலைவர் கே. சுப்பிரமணியம், திருச்சியில் பிறந்த தமிழர். அவர் குழுவின் அறிக்கை, சில பகுதிகள் நீக்கப்பட்டு, 2000 பிப்ரவரியிலேயே நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது, புத்தகமாகவும் வெளிவந்தது. உளவுத்துறையின் குறைகளைப் பேசிய பிறகும் வானம் இடிந்து விழவில்லை. தொழில்நுட்ப உளவுக்கெனத் தனி அமைப்பு போன்ற சீர்திருத்தங்கள்தான் பிறந்தன.

பிற நாடுகளில்

வெளிநாட்டில் எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. அமெரிக்காவிலும் 1947 முதல் சுமார் கால் நூற்றாண்டு, சி.ஐ.ஏ. தலைவர் சில மூத்த உறுப்பினர்களோடு தனியே பேசி முடித்துக்கொள்வார். பலர் தெரிந்துகொள்ளவே விரும்பவில்லை. 1974 டிசம்பரில், உள்நாட்டுக் குடிமக்களையே சி.ஐ.ஏ. வேவு பார்த்தது என்ற செய்தியை வெளியிட்டவர் மேலே சொன்ன அதே ஹெர்ஷ்தான். 1975இல் சர்ச் குழு விசாரித்தது. 1976இல் செனட்டிலும் 1977இல் கீழ்ச்சபையிலும் நிரந்தரக் குழுக்கள் வந்தன. 1980இல், இரகசிய நடவடிக்கைகளைக் குழுக்களுக்குத் தெரிவிப்பது சட்டக் கடமை ஆயிற்று. சி.ஐ.ஏ.வில் காங்கிரஸ் உறவுக்கென்றே தனி அலுவலகம் இயங்குகிறது. இந்த உறவின் வரலாற்றை அந்நிறுவனமே 2008இல் நூலாக வெளியிட்டது.

அப்படியும் 1984இல் நிகராகுவா துறைமுகங்களில் கண்ணிவெடி வைத்ததைச் சரியாகச் சொல்லவில்லை என்று, சி.ஐ.ஏ.வின் நண்பராகவே கருதப்பட்ட செனட்டர் கோல்ட்வாட்டர் கொதித்தார். தலைவர் கேசி மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. சட்டம் இருந்தும் ஏய்ப்பார்கள்தான். ஆனால் ஏய்த்தால் மன்னிப்புக் கேட்க ஓர் இடம் இருக்கிறது. நம் வெஸ்ட்மின்ஸ்டர் முறைக்குத் தாயான பிரிட்டனும் 1994இல் சட்டம் செய்து எம்.பி.க்கள் குழுவை அமைத்து, 2013இல் அதன் அதிகாரத்தைக் கூட்டியது.

இங்கே? 2005 தகவல் உரிமைச் சட்டம் இந்த அமைப்புகளுக்கு விலக்கு அளித்தது. ஊழல், மனித உரிமை மீறல் புகார்கள் மட்டும் விதிவிலக்கு. 2010 ஜனவரியில் காவ் நினைவுச் சொற்பொழிவில், அப்போதைய குடியரசுத் துணைத்தலைவர் ஹமீது அன்சாரியே நாடாளுமன்ற மேற்பார்வை வேண்டும் என்று பேசினார். 2011இல் மணீஷ் திவாரி தனிநபர் மசோதா கொண்டுவந்தார், சட்டமாகவில்லை. பொதுநல வழக்கு ஒன்றை உச்சநீதிமன்றம் 2016இல் தள்ளுபடி செய்தது. 2021இல் பெகாசஸ் விவகாரத்தில் ஒரு கூட்டத்தொடரே அமளியில் போயிற்று. தேசியப் புலனாய்வு முகமையை 2008 டிசம்பரில் சில நாட்களில் சட்டமாக்க முடிந்த நாடாளுமன்றத்துக்கு, 1887இல் பிறந்த அமைப்புக்குச் சட்டம் செய்ய நேரம் வரவில்லை.

முடிவாக

இதுவரை பார்த்ததில் உளவுத்துறை சபையைக் கையாளும் வழிகள் மூன்று எனலாம். ஒன்று, தான் பேசாமல் அமைச்சரைப் பேச வைப்பது. அவர் 'பொதுநலன் கருதி' என்று முடித்துக்கொள்வார். இரண்டு, தேவைப்படும்போது மட்டும், தேவைப்படும் துண்டை மட்டும் காட்டுவது, அசெம்பிளி கடிதம்போல. மூன்று, யார் செய்தார் என்று தெரியாத கசிவு. இம்மூன்றிலும் சபைதான் தோற்கிறது. ஆழ்ந்து பார்த்தால் உளவுத்துறையும் தோற்கிறது. நல்ல வேலை செய்த அதிகாரிக்குச் சொல்லிக்கொள்ள இடம் இல்லை. தவறாகப் பயன்படுத்தும் அரசியல்வாதியிடம் 'சட்டம் இடம் தராது' என்று மறுக்கவும் பிடிமானம் இல்லை.

உளவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1948 ஜனவரியையும் 2008 நவம்பரையும் பார்த்த ஊர்க்காரன் அப்படிச் சொல்ல மாட்டான். எல்லா இரகசியத்தையும் சபையில் கொட்டச் சொல்லவும் இல்லை. சத்தியப் பிரமாணம் செய்த, எல்லாக் கட்சியும் சேர்ந்த ஏழெட்டு உறுப்பினர்கள், மூடிய அறையில், கோப்பைத் திறந்து பார்க்கும் உரிமை. அவ்வளவுதான் கேட்பது.

அண்ணாச்சி 2003இல் காலமானார். படிப்பகம் இருந்த இடத்தில் இப்போது ஒரு மொபைல் ரிப்பேர் கடை. அந்தப் பதிவேட்டில் தினமும் கையெழுத்திட்ட ஒரு பையனுக்குப் பிற்பாடு பாஸ்போர்ட் விசாரணை ஒன்றரை வருஷம் இழுத்தது. வளைகுடா வேலை போயிற்று. காரணம் யாரும் சொல்லவில்லை; கேட்கவும் இடமில்லை. அவர் இப்போது செம்பூரில் பேரன் பேத்தியோடு நலமாக இருக்கிறார். போன மாதம் சங்கக் கூட்டத்தில் பார்த்தபோது, வாசலில் வருகைப் பதிவேட்டை நீட்டினார்கள். பேனாவை வாங்கி ஒரு கணம் நின்றார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "என்னதான் ஆயிரும், போடுவோம்" என்று கையெழுத்துப் போட்டார்.

அவருக்குக் கீழே நானும் போட்டேன்.